பல பிரச்சினையும் பல் பிரச்சினையும்

என் பழைய கணினித் திரை 19 அங்குலம். 2009-இல் வாங்கியது. குறுக்கே 1280, நெடுக்கே 1024 என்று மொத்தம் 13,10,720 புள்ளிகள். அதில் ஒரே ஒரு புள்ளி போன வருடம் கறுத்து உயிரை விட்டது. மற்ற 13,10,719 பேரும் நலம். வேறொருவராக இருந்தால் கண்டுகொண்டே இருக்க மாட்டார். என் தொழில் மெய்ப்புத் திருத்துவது.

ஈ எச்சம் என்று நினைத்து முதலில் ஈரத் துணியால் துடைத்தேன். போகவில்லை. அன்று கையில் இருந்தது ஒரு பொருளாதாரக் கட்டுரை. ‘நாட்டுக்குப் பல பிரச்சினைகள்’ என்று ஆசிரியர் எழுதியிருந்தார். என் திரையில் நாட்டுக்குப் பல் பிரச்சினைகள். சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளியும் திரையின் ஒரு புள்ளிதானே! அழித்துவிட்டுப் ‘பல’ என்று அடித்தேன். ‘பல்’ என்றே வந்தது. மூன்று தடவை. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். முறுக்குத் தூள் விழுந்தது, புள்ளி விழவில்லை. பக்கத்தை நகர்த்தியதும் நாட்டின் பல்வலி தீர்ந்தது. புள்ளி வேறொரு அப்பாவி எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஓலை கிழிந்துவிடுமென்று பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை. பலவா பல்லா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அப்படிப்பட்ட சுவடிகளை வைத்துக்கொண்டு உ.வே. சாமிநாதையர் சங்க நூல்களையே பதிப்பித்துவிட்டார். எனக்கு ஒரு கட்டுரையைத் தாண்ட முடியவில்லை. புதுத் திரை வாங்குவதென்று முடிவானது.

“மாமா, 144 ஹெர்ட்ஸ் எடுத்துடுங்க. சும்மா வழுக்கிட்டுப் போகும்” என்றான் அக்கா மகன். நொடிக்கு 144 தடவை படம் புதிதாகுமாம். சினிமாவே நொடிக்கு 24 படம்தான். நான் ஒரு பக்கத்தைப் பத்து நிமிடம் பார்ப்பவன். அதற்குள் அந்தப் பக்கம் 86,400 தடவை புதிதாகி என்ன செய்யப்போகிறது? பிழை அங்கேயேதான் இருக்கும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் 27 அங்குலத் திரையில் கிளிகளைப் பறக்கவிட்டார். பிறகு மீன்கள். “கலரைப் பாருங்க சார்!”

“ஒரு வெள்ளைப் பக்கம் காட்டுங்களேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வெள்ளையா?”

“வெள்ளை. அதுல தமிழ் எழுத்து.”

காட்டினார். 27 அங்குலம், ஃபுல் எச்டி. மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் கடுகு தாளித்ததுபோல இருந்தது. காரணம் எளிய வகுத்தல் கணக்கு. ஃபுல் எச்டியின் 1920-க்கு 1080-ஐப் பெரிய சட்டத்தில் இழுத்துக் கட்டினால் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் தேறும். என் கிழட்டுத் திரையிலேயே 86 உண்டு. காசு கொடுத்துப் பின்னால் போவானேன்?

தவிர, என் மேஜையில் திரை வைக்கும் பொந்து 22 அங்குல அகலம். 27-ஐ அதில் நுழைக்க முடியாது. 24 நுழையும். 22-இல் 24 எப்படி நுழையும் என்று கேட்பீர்கள். திரையை அளப்பது மூலைக்கு மூலை. 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 21தான். ஜவுளிக்கடையில் இப்படிக் குறுக்கே அளந்திருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

கடைசியில் 24 அங்குலம், 2560-க்கு 1440, அங்குலத்துக்குச் சுமார் 122 புள்ளி. புள்ளி ஒவ்வொன்றும் ஊசி முனை. வெற்றியோடு வீடு வந்தேன்.

திரையில் எச்டிஎம்ஐ துளை. என் சிபியுவில் 15 ஓட்டை போட்ட நீல நிற விஜிஏ. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த ஏற்பாடு. ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். எழுத்துகள் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்து நின்றன. கடைக்காரருக்கு போன் போட்டேன்.

“அந்தக் கன்வெர்ட்டர்ல 1080தான் சார் வரும். சிபியுவ மாத்திடுங்க.”

ஒரு புள்ளி செத்ததற்கு இவ்வளவு செலவு. அடுத்த சனிக்கிழமை மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். பழைய திரை பரணில் நல்லபடியாக இருக்கிறது; யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துப்போகலாம். புள்ளி இலவசம்.