வயலுக்கு ஒரு ஜாதகம்

வயல் எது என்று அறிய வரப்பில் இறங்கிச் சேற்றை மிதித்ததெல்லாம் அந்தக் காலம். 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் கேரளத்தார் எங்கோ போய்விட்டார்கள். கொச்சியை ஒட்டிய ஏலூரோ ஆலப்புழையோ, அரசின் 'டேட்டா பேங்க்' என்ற வயல் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அது வயல். பட்டியல் போட உள்ளூர்க் குழு உண்டு, வேளாண் அலுவலர் உண்டு. சந்தேகம் வந்தால் செயற்கைக்கோள் படமும் உண்டு. வானத்திலிருந்து வயலைத் தேடும் பாக்கியம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

பட்டியல் பிடிக்கவில்லையா? படிவம் 5 எழுதிப் போடுங்கள். கையெழுத்து விழுந்தால் அது வயலே இல்லை. தவளைக்குத்தான் விவரம் போதாது, அங்கேயே கத்திக்கொண்டிருக்கும்.

1970-களில் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இப்போது 2 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. காவல் வேலை எவ்வளவு சுளுவாகிவிட்டது, பாருங்கள்!

ஏலூரில் ஒரு திறந்தவெளி மட்டும் யாரும் மனை போடாமல் முழுசாக இருக்கிறது: பெரியாறு. கரையில் ரசாயன ஆலைகள் துணைக்கு நிற்கின்றன. 2024 மே மாதம் அதில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அவற்றுக்கு எந்தப் படிவம் என்று என்னைக் கேட்காதீர்கள்.