பொய்முள் ஆராய்ச்சி: எஞ்சின் மாறிய பழைய பிக்கப்பின் மீட்டர்கள் குறித்துச் சில முடிபுகள்

அறிஞர் பெருமக்கள் இன்றுவரை ஏறெடுத்தும் பாராத துறைகளுள் தலையாயது மீட்டர் முள்ளியல். அக்குறை நீக்கவே இச்சிற்றாய்வு எழுந்தது.

ஆய்வுக்களம் அமெரிக்கா. ஆய்வுப்பொருள் 1972ஆம் ஆண்டின் செவ்ரோலெட் சி-10 பிக்கப். 1999 முதல் அதே நிறுவனத்தின் பிக்கப்புகளில் வந்த 5.3 லிட்டர் வி-8 எஞ்சினை உடைப்புக் கடையில் வாங்கி, இந்தக் கிழட்டு வண்டியில் இறக்குவது அங்கே பலரின் வார இறுதி வழிபாடு. எஞ்சின் உறுமியதும் உரிமையாளருக்குக் கண் கலங்கும். பிறகு டேஷ்போர்டைப் பார்ப்பார். டெம்பரேச்சர் முள் படுத்திருக்கும்; பெட்ரோல் முள் ‘ஃபுல்’லைத் தாண்டி நிற்கும்; வண்டி ஓடினாலும் ஸ்பீடாமீட்டர் அசையாது.

இதற்குக் காரணம் கூறுவோர் மூன்று மதத்தினர். கண்ணாடியை விரலால் தட்டினால் சரியாகும் என்போர் தட்டல்வாதிகள். எண்ணிக்கையில் இவர்களே அதிகம். எல்லாம் டேங்குக்குள் மிதவையோடு இருந்து மட்டத்தை அளக்கும் யூனிட்டின் குற்றம் என்போர் மிதவைவாதிகள். எர்த் இல்லையேல் எதுவுமில்லை என்போர் எர்த்துவாதிகள். நம் கட்சி மூன்றாவது. எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பழைய எஞ்சினோடு அதன் எர்த் பட்டையும் கழன்று போயிருக்கும், புதியதற்கு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். சோதனை எளிது: மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள், மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் வையுங்கள், ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் மேற்கொண்டு தத்துவம் பேச வேண்டாம், பட்டையைப் போடுங்கள். ஹெட்லைட் போட்டதும் எல்லா முள்ளும் சேர்ந்து நகர்ந்தாலோ டேஷ்போர்டு பக்கத்து எர்த்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எர்த் நன்றாயிருந்தும் பெட்ரோல் முள் பொய் சொன்னால், இனி மூல நூற்பா: ‘முள் பெட்ரோல் அறியாது, மின்தடை அறியும்.’ இதன் உரை வருமாறு. சி-10 மீட்டருக்கு 0 ஓம் என்றால் டேங்க் காலி, 90 ஓம் என்றால் நிறைவு. ஆகவே யூனிட்டிலிருந்து வரும் ஒயர் அறுந்தால் தடை எல்லையற்றுப் போய், முள் நிறைவையும் தாண்டும். எண்பதுகளின் நடுப்பகுதி வரை வந்த ஃபோர்டு பிக்கப்புகளிலோ சித்தாந்தம் தலைகீழ்: சுமார் 73 ஓம் காலி, 10 ஓம் நிறைவு. அங்கே ஒயர் அறுந்தால் டேங்க் காலி. ஒரே நோய்க்கு ஒரு கம்பெனியில் செல்வம், இன்னொன்றில் வறுமை.

புது எஞ்சினுக்கு ஃப்யூயல் இன்ஜெக்ஷன். ஆகவே டேங்குக்குள் பம்ப் இருந்தால் நல்லது. ஆகவே புது வண்டியின் டேங்க்கையே மாட்டிவிடுவாரும் உளர். அதன் யூனிட்டோ காலிக்கு 40 ஓம், நிறைவுக்கு 250 ஓம் என்று பேசும். பழைய முள் 90 ஓமுக்கு மேல் எதையும் நிறைவாகவே கொள்ளும். விளைவு: டேங்கில் ஏறத்தாழ கால்வாசி மிஞ்சும்வரை முள் ஃபுல்லிலேயே நிற்கும், சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நின்ற பிறகும் பாதிக்குச் சற்றே கீழ்தான் காட்டும். ஊர் முழுக்கக் கடன் வைத்துக்கொண்டு பட்டு வேட்டியோடு திரியும் மாப்பிள்ளை போன்ற மீட்டர் இது. மீட்டருக்கேற்ற யூனிட்டை மாற்றுவதே மருந்து; இடையில் கணக்கு மாற்றித் தரும் பெட்டி வைப்பாரும் உண்டு.

டெம்பரேச்சர் முள்ளின் வழக்கு வேறு. புது எஞ்சினின் சென்சார் இரண்டு ஒயரில் எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேசுகிறது. பழைய முள்ளுக்குத் தெரிந்தது ஒற்றை ஒயர்ப் பாஷை. இரண்டையும் ஒரே சென்சாரில் முறுக்கிவிட்டால் முள்ளும் கெடும், கம்ப்யூட்டரும் தப்பான சூட்டை நம்பி பெட்ரோலைத் தப்பாக அளக்கும். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில், 12 மில்லிமீட்டர் மரையில் ஒரு மூடி இருக்கிறது. அதைக் கழற்றி, அடாப்டர் வைத்து, பழைய முள்ளுக்கென்று தனிச் சென்சார் பூட்ட வேண்டும். பூட்டும்போது மரையில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றுவது பைப் வேலை பழகிய கையின் இயல்பு. ஒற்றை ஒயர்ச் சென்சாருக்கு மரைதான் எர்த். டேப் தடிமனாக நடுவே நின்றால் தண்ணீர் ஒழுகாது. சூடும் ஏறாது, அதாவது டேஷ்போர்டில்.

எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு அனுப்புகிறது. வி-8க்கான பழைய மீட்டர் 4 எதிர்பார்க்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் எஞ்சின் 1500 என்று தெரியும். எட்டு சிலிண்டருக்குக் காசு கொடுத்தவர் நாலுக்குக் கணக்குப் பார்க்கிறார். கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றினால் தீரும்.

கடைசியாக ஸ்பீடாமீட்டர். அது கேபிளால் சுழல்வது. எஞ்சினோடு வந்த ஆட்டோமேடிக் கியர்பாக்ஸிலோ கேபிள் செருக வாயே இல்லை, மின்துடிப்பு மட்டுமே வரும். இதற்கு அமெரிக்கர்கள் கண்ட வழி: துடிப்பை வாங்கிக்கொண்டு உள்ளே ஒரு சின்ன மோட்டாரைச் சுழற்றி, அந்த மோட்டாரால் பழைய கேபிளைச் சுழற்றும் ஒரு பெட்டி. துடிப்புக்கும் கேபிள் சுற்றுக்கும் உள்ள விகிதத்தைப் பெட்டியில் சரியாக அமைத்துவிட்டால் முள் உண்மை பேசும். டயரைப் பெரிதாக மாற்றியவர்கள் விகிதத்தையும் மாற்ற வேண்டும். ஆனால் அது டயரியலார் எல்லை, நாம் அதில் தலையிடுவதற்கில்லை.