கோச்சடை கேட்கிறது

கேள்வி: வேறு கிரகங்களில் நம்மைவிட அறிவில் முந்தியவர்கள் இருக்க வாய்ப்பு உண்டா? இருந்தால் ஏன் இன்னும் தட்டுப்படவில்லை?
- வாசகர், கோச்சடை, மதுரை

பதில்: உயிர் இருக்கும் என்றே நம்புகிறேன். முந்திய அறிவு என்பது வேறு கணக்கு. பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளாவது ஆகிறது. அதில் ரேடியோ பேசத் தெரிந்த காலம் 100 ஆண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்! இரண்டு உலகங்களின் 'பேசும் காலம்' ஒரே வேளையில் அமைவது லேசுப்பட்ட காரியமா?

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, கே2-18பி கிரகத்தின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு இருப்பதற்கான தடயத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலம் கண்டதாக அறிவித்தது. இங்கே அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடல் நுண்ணுயிர்கள். மற்ற ஆய்வாளர்கள் சான்று போதாது என்கிறார்கள், சந்தேகப்படுவதுதான் முறை. உறுதியானாலும், அது பாசி வகையறாவைத்தான் காட்டும், பறக்கும் தட்டை அல்ல.

அந்தக் கிரகம் 124 ஒளியாண்டு தொலைவு. இன்று வந்து சேரும் அதன் ஒளி, கொடைக்கானல் வானாய்வகம் சூரியனைக் கவனிக்கத் தொடங்கிய 1901 வாக்கில் புறப்பட்டது. அங்கிருந்து யாராவது இன்று மதுரையைப் பார்த்தால் வைகைமேல் ஏ.வி. பாலம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகத் தெரியும். மார்க்கோனியின் ரேடியோ அட்லாண்டிக்கைத் தாண்டியதும் 1901 டிசம்பரில்தான். நம் ரேடியோ பேச்சு அங்கே இன்னும் சரியாக எட்டியிருக்காது; நாம் இருப்பதே தெரியாதவர்கள் எப்படி வருவார்கள்? நாமே முந்திக்கொண்டு "சௌக்கியமா?" என்று கேட்டாலும், பதில் வர 248 ஆண்டு!