ஆனர்ஸ் படிக்கப் போற பேராண்டிக்கு

வாடா ராஜா, உக்காரு. கையில என்ன, கல்யாணப் பத்திரிகையா? ஓ, காலேஜ் புத்தகமா! நம்ம தொரப்பள்ளியில ஒரு கல்யாணத்துக்கும் இவ்வளவு வழவழன்னு தாள் பாத்ததில்ல. பி.பி.ஏ. ஆனர்ஸ், நாலு வருசம், பெங்களூரு. அத்திப்பள்ளி தாண்டுனா படிப்பும் ஒரு வருசம் நீண்டு போகுமாட்டுக்கு.

உங்கப்பன் என்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னானா? சரியான ஆளு. நான் வேணாம்னா அவனுக்குப் பீஸ் மிச்சம்; சேருன்னா பின்னாடி வர்ற பழி எனக்கு. வியாபாரப் படிப்பு வீட்டுலயே இருக்கு, நீ எதுக்கு பஸ் ஏறற?

ஆனர்ஸ் ஒண்ணும் புதுச்சரக்கில்ல. பழைய மெட்ராஸ் யுனிவர்சிட்டியிலயே இருந்துச்சு. அண்ணாதுரை பச்சையப்பன் காலேஜ்ல அதான் படிச்சாரு. இங்க நம்மூர்ல 1878ல பொறந்த ராஜாஜி, ஓசூர்ல பள்ளிக்கூடம், பெங்களூரு சென்ட்ரல் காலேஜ்ல பி.ஏ., அப்புறம் மெட்ராஸ்ல சட்டம். ஆனர்ஸ் இல்லங்கறதுக்காக அவருக்குக் கவர்னர் ஜெனரல் நாற்காலி தராம இருந்தாங்களா? கடைசியில 1967ல ஆனர்ஸ்காரரும் பி.ஏ.க்காரரும் கூட்டுச் சேந்துதான் காங்கிரஸை இறக்குனாங்க.

அவரைப் பத்தி இன்னொண்ணு. 1953ல முதலமைச்சரா இருந்தப்ப பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் பழகுன்னு ஒரு திட்டம் கொண்டாந்தாரு. குலக்கல்வின்னு பேரு வச்சு ஜனங்க எதிர்த்து நின்னாங்க. நின்னது நியாயம்தான். முடிவெட்டறவர் மகன் முடிதான் வெட்டணும்னா எவன் ஒத்துக்குவான்? அடுத்த வருசமே பதவியும் போச்சு, திட்டமும் போச்சு. இப்ப உன் புத்தகத்துல ஏழாவது பக்கம் பாரு, இன்டர்ன்ஷிப்பாம். பாதிப் படிப்பு, பாதித் தொழில். அப்பன் தொழிலில்ல, ஊரான் தொழில். அன்னைக்குக் காசில்லாம குடுத்ததுக்குக் கல்லு விழுந்துச்சு. இன்னைக்குக் காசு கட்டி வரிசையில நிக்கறீங்க. கிழவர் பீஸ் வச்சிருந்தா பொழைச்சிருப்பாரோ என்னமோ!

சரி, அந்த நாலாவது வருசம் என்னத்துக்குன்னு விசாரிச்சியா? யு.ஜி.சி. 2022ல போட்ட கணக்குப்படி, மூணு வருசத்துல 120 கிரெடிட் சேத்தா டிகிரி கைக்கு வந்துரும். நாலு வருசத்துல 160 சேத்தா கூடவே ஆனர்ஸ். 75 சதவீதம் வாங்கி நாலையும் முடிச்சா, நடுவுல எம்.காம். இல்லாமலே பிஎச்.டி.க்கு மனு போடலாம். உனக்கு அந்த ஆசை இருக்கா? சும்மா கேக்கறேன், பிளஸ் டூ பரிச்சைக்கு முந்தின நாள் ஏரிக்கரையில பேட்டைத் தூக்கிட்டு நின்னது யாருன்னு எனக்குத் தெரியும். அமெரிக்கா போயி மேல படிக்கணும்னாலும் நாலு வருசம் உதவும். அங்க பல இடத்துல அதைக் கேக்கறாங்க. எம்.பி.ஏ.தான் குறின்னா, கேட் பரிச்சைக்கு மூணு வருச டிகிரியும் 50 சதவீதமும் இருந்தாலே உக்காரலாம். அப்ப அந்த நாலாவது வருசத்துப் பணம் யாருக்குப் போகுதுன்னு நீயே கண்டுபுடி. அதான் உனக்கு முதல் செமஸ்டர் கேள்வி.

கர்நாடகாக்காரங்க கூத்து தெரியுமில்ல? 2021ல நாட்டுக்கே முன்னாடி நாங்கதான்னு நாலு வருசப் படிப்பை இறக்குனாங்க. ஆட்சி மாறுச்சு. 2024ல அவங்க அரசாங்க யுனிவர்சிட்டியில மறுபடி மூணே வருசம்னு உத்தரவு. நடுவுல சேந்த பசங்க, கல்யாணத்துக்கு வந்து பந்தி முடிஞ்சுச்சா முடியலையான்னு இலையப் பாத்துட்டு நின்ன கதையாப் போச்சு. நீ போறது தனியார் இடம், அவங்க வழி வேற. இருந்தாலும் மூணாவது வருசத்தோட வெளிய வந்தா பட்டம் உண்டா, மீதிப் பீஸைக் கேப்பாங்களான்னு எழுத்துல வாங்கிக்க. வாயில சொல்றதுக்கு எங்கிட்டயே ஆயிரம் இருக்கு.

அப்புறம் அந்த இன்டர்ன்ஷிப். டைட்டன்காரன் 1980கள்ல ஓசூர்ல ஃபேக்டரி போட்டப்ப, சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்துப் பசங்களைக் கூட்டிட்டுப் போயி பழக்கித்தான் வாட்ச் பண்ணான். அந்தப் பழக்குன வேலைக்கு மதிப்பு இருந்துச்சு. அதனால உன் காலேஜ்ல கேளு: சிப்காட்டுல எந்தக் கம்பெனி, எத்தனை மாசம், சம்பளம் உண்டா, வேலை உண்டா, இல்ல டீ வாங்கியாறதுதான் பாடமா? முன்னாடி போன பசங்க நாலு பேரு போன் நம்பர் குடுங்கன்னு கேளு. குடுக்க யோசிச்சா, புத்தகத்தை அங்கயே வச்சுட்டு வந்துரு. தாள் நல்லாருக்கு, வேற எவனாவது மயங்கட்டும்.

எல்லாம் சரியா இருந்தா சேரு, நான் குறுக்க நிக்கல. ஒரே கண்டிசன். ராயக்கோட்டை மண்டியில என் தக்காளிப் பெட்டிக்கு விலை வைக்கறவன் யாரு, கமிஷன் எத்தனை, பெங்களூருல அதே பெட்டி என்ன விலைக்குப் போகுது, இதை ப்ராஜெக்டா எழுது. மார்க்கை நீ வச்சுக்க. கணக்கை மட்டும் மொதல்ல எங்கிட்டக் காட்டிட்டு அப்புறம் உங்க புரொபசருகிட்டக் குடு.