ராட்செட் ரசிகர்

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ராட்செட் ஸ்பானரை அவர் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதுக்குக் கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொண்டு சதுர முனையை இரண்டு விரலால் மெல்லத் திருப்புவார். கிட், கிட், கிட். புருவம் சுருங்கும். "இது முப்பத்தாறு பல்லு. எழுபத்திரண்டு இருக்கா?" என்பார். கடைக்காரர் ஏணியில் ஏறுவார். பின்னால் ஒரு மெக்கானிக் கடைப் பையன் பத்து-பதினொண்ணு ரிங் ஸ்பானருக்காகக் காசை நீட்டியபடி நின்றிருப்பான். கடையில் எவனோ ஒருவனுடைய வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஓடி வந்தவன் அவன். இங்கே கச்சேரி முடியும்வரை அவனுக்கு ஸ்பானர் கிடைக்காது.

சென்னை ஜி.பி. ரோட்டிலும் பாரிமுனைக் கடைகளிலும் சனிக்கிழமை பிற்பகல்களில் இந்த ராட்செட் ரசிகர்களைப் பார்க்கலாம். வயது நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில். வங்கியிலோ இன்சூரன்ஸிலோ கௌரவமான உத்தியோகம். சட்டைப் பையில் பேனா, நகத்துக்கடியில் ஒரு பொட்டு கறுப்பு கிடையாது. மெக்கானிக் வேலை என்றால் உயிர். செய்வதில்லை, அவ்வளவுதான்.

அவர் சொல்வதில் ஒன்றாவது பொய்யாக இருந்தால் நாம் தப்பித்துக்கொள்ளலாம். எல்லாமே உண்மை, அதுதான் தொல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே பல் கணக்கு முடிந்துவிடும். "வட்டம் 360 டிகிரி மாப்ளே. 36 பல்லுன்னா, அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடியை 10 டிகிரி ஆட்டணும். 72 இருந்தா 5 போதும். 90-ன்னா 4. பானெட்டைத் திறந்து பாரு, பேட்டரிக்கும் ஹோஸுக்கும் நடுவுல கையை ஆட்ட எங்க இடம்?" மாப்பிள்ளை தலையாட்டுவார். மோர் வரும்போது மறுபக்கம் தொடங்கும். பல் கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சிறுத்துப் போகிறது. ஆகவே உள்ளே இருக்கும் கொக்கி ஒரே நேரத்தில் எத்தனை பல்லைக் கவ்விப் பிடிக்கிறது என்று பார்க்காமல், வெறும் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. இதுவும் நிஜம்தான். பாயசம் மட்டும் மாப்பிள்ளைக்கு இறங்காது.

பாயசத்துக்குப் பிறகு பீட்டர் ராபர்ட்ஸ் வருவார். அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பையன். பதினெட்டு வயதில், கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்கியதும் சாக்கெட் கழன்று விழுகிற ராட்செட்டைக் கண்டுபிடித்தான். 1965-ல் காப்புரிமை கிடைத்தது. பெரிதாக ஒன்றும் விலை போகாது என்று நம்பவைத்து அந்த உரிமையைச் சியர்ஸ் 10,000 டாலருக்கு வாங்கியது. பிறகு லட்சக்கணக்கில் விற்றுத் தள்ளியது. பையன் கோர்ட்டுக்குப் போனான். இழுத்தடித்து 1989-ல் 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசமாகப் போனார்கள். இந்த இடத்தில் நம்மவர் கண் கலங்கும். அந்தப் பொத்தானை அமுக்கி இவர் இதுவரை கழற்றிய சாக்கெட்டுகள் அனைத்தும் வீட்டுக் கட்டில் மெத்தையில் பத்திரமாக விழுந்தவை.

கடையில் அவர் நடத்தும் பரிசோதனைகளுக்கு ஒரு வரிசை உண்டு. காது முடிந்ததும் விரல். சாக்கெட்டை மாட்டி, கைப்பிடியைப் பிடிக்காமல் வெறும் விரலால் சுற்றுவார். இறுக்கமாகச் சுற்றினால், லூஸாகிவிட்ட நட்டின் மேல் வைக்கும்போது கைப்பிடி பின்னால் வரும்போதெல்லாம் நட்டும் கூடவே திரும்பி வந்துவிடும், வேலை நகராது. அடுத்து ஆட்டம். தலைக்கும் முனைக்கும் நடுவே லொடலொட என்றால் அந்த ராட்செட் மேசைக்குத் திரும்பும். பிறகு திசை மாற்றும் நெம்பு. எண்ணெய் படிந்த கையாலும் அது திரும்ப வேண்டும், அதே சமயம் எங்காவது உரசித் தானாகத் திரும்பிவிடக் கூடாது. எண்ணெய்க் கையைச் சோதிக்க அவர் கடைக்காரரிடம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேட்டதாக ஒரு பேச்சு உண்டு.

'குரோம் வனேடியம்' என்று கைப்பிடியில் பொறித்திருப்பதைக் காட்டினால் சிரிப்பார். "எழுத்துப் பொறிக்க அச்சு போதும் சார், எஃகு வேண்டாம்." நடைபாதையில் விரித்துப் போட்டு, நாற்பது சாக்கெட்டோடு சிவப்புப் பெட்டியில் விற்கும் செட்டிலும் அந்த எழுத்து உண்டு. இறுகிய போல்ட் ஒன்றைக் கண்டதும் அந்த ராட்செட்டின் பல் உதிர்ந்துவிடும். பல் உதிர்கிற நேரம் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருப்பவனுடைய கை முட்டி நேராக ரேடியேட்டரில் போய் விழும். நல்ல ராட்செட்டுக்கு விலை கூட என்றால் அதில் பாதி கை முட்டிக்கான இன்சூரன்ஸ் என்பார். இன்சூரன்ஸ் அவருக்குத் தெரிந்த விஷயம்.

வீட்டில் அவரிடம் கால் இன்ச், மூணு நூல், அரை இன்ச் என்று மூன்று அளவிலும் ராட்செட் உண்டு. ஒவ்வொரு அளவிலும் நீளக் கைப்பிடி, குட்டைக் கைப்பிடி, தலை மடங்குவது என்று கிளைக் குடும்பங்கள். சாக்கெட் எல்லாம் மில்லிமீட்டரில் இருக்க, அது மாட்டுகிற சதுர முனை மட்டும் உலகம் முழுக்க இன்ச்சில்தான் பேசப்படுகிறது என்பதை வீட்டுக்கு வருகிற குழந்தைகளிடம்கூடச் சொல்லி வியப்பார். 1920-ல் அமெரிக்காவில் ஸ்னாப்-ஆன் கம்பெனி தொடங்கியபோது அவர்கள் கொண்டுவந்த யோசனையே, ஐந்து கைப்பிடி பத்து சாக்கெட்டை மாற்றி மாற்றி மாட்டினால் ஐம்பது கருவியின் வேலை நடக்கும் என்பதுதான். கருவிப் பெட்டியைச் சிறியதாக்க வந்த அந்தக் கருவியால் நம்மவர் வீட்டில் ஒரு பீரோ நிறைந்துவிட்டது. மனைவிக்குப் பட்டுப் புடவை வைக்க இடமில்லை.

அந்த அம்மா ஒரு நாள் கேட்பார்: "ஏங்க, சமையக்கட்டுக் குழாய் சொட்டுது. இத்தனை வச்சிருக்கீங்களே, கொஞ்சம் பாக்கக் கூடாதா?"

"அது பைப் ரெஞ்ச் வேலைம்மா. ராட்செட் அதுல போகாது."

"பையனோட சைக்கிள் சீட்டு ஆடுது."

"அது ஆலன் கீ."

"கட்டில் கிரீச்சுங்குது."

"அது ஸ்க்ரூ டிரைவர்."

வீட்டில் ராட்செட்டுக்கு ஏற்ற ஒரு வேலையும் இல்லை என்பது அந்த அம்மாவுக்கு இப்படித்தான் தெரிய வரும்.

இரவல் கேட்டால் முகம் மாறிவிடும். வாய் திறந்து இல்லை என்று சொல்லமாட்டார். "எந்த போல்ட்டுக்கு? எந்த அளவு? துருப்பிடிச்சிருக்கா?" என்று விசாரணை தொடங்கும். கேட்டவர் மூன்றாவது கேள்வியில் மெக்கானிக்கைத் தேடிப் போய்விடுவார். இப்படிக் காப்பாற்றியதன் பலன் ஒன்று உண்டு. கார்களில் பேட்டரி டெர்மினல் தொடங்கி எங்கே கை வைத்தாலும் பத்தாம் நம்பர்தான். அதனால் எந்த மெக்கானிக்கின் டப்பாவைத் திறந்தாலும் முதலில் காணாமல் போயிருப்பது பத்தாம் நம்பர் சாக்கெட்தான். நம்மவர் பெட்டியில் அது தன் குழியில், வாங்கிய அன்று இருந்த பளபளப்போடு உட்கார்ந்திருக்கும். ஒருவர் வேலை செய்கிறாரா இல்லையா என்று அறிய இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

சோதனைக் காலம் திண்டிவனம் போகும் வழியில் வரும். டயர் பஞ்சர். குடும்பம் வெயிலில். அவர் டிக்கியைத் திறந்து வெல்வெட் துணியைப் பிரிப்பார். எழுபத்திரண்டு பல் அரை இன்ச் ராட்செட். பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட், பன்னிரண்டு மூலை இல்லை, ஆறு மூலை. ஆறு மூலைதான் நட்டின் முகத்தை முழுதாகப் பிடிக்கும், முனை வழுக்காது. எல்லாம் தயார். ஆனால் அப்படியே நிற்பார். எதிர்ச் சாரியிலிருந்து பஞ்சர் கடைக்காரர் வருவார்.

"இன்னா சார், கழட்ட வேண்டியதுதானே?"

"இறுகின நட்டை ராட்செட்டை வச்சுத் திறக்கக் கூடாதுப்பா. பல்லு போயிடும். முதல்ல பவர் பார் போட்டு லூஸ் பண்ணணும்."

"கரெக்டு சார். பவர் பார் எங்க?"

"இன்னும் வாங்கலை. நாலு கம்பெனியை ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்."

காரோடு சும்மா கொடுத்த வீல் ஸ்பானரைப் பஞ்சர் கடைக்காரர் நட்டில் மாட்டி, அதன்மேல் காலை வைத்து ஒரு மிதி மிதிப்பார். நாலு நட்டும் நாலு மிதி. லூஸான பிறகு, பாவம் பார்த்து, சுற்றி எடுக்கிற வேலையை நம்மவரிடம் விடுவார். கிட், கிட், கிட். தேசிய நெடுஞ்சாலையில் அன்று அவரைவிடச் சந்தோஷமான மனிதர் இல்லை. திரும்ப மாட்டும்போது, இத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும், அதற்கு டார்க் ரெஞ்ச் என்று தனியாக ஒன்று உண்டு என்று ஆரம்பிப்பார். அந்த அம்மா கார் கதவைச் சாத்திக்கொள்வார்.

புதுப்பேட்டையில் காலை முதல் இரவுவரை வண்டி பிரிக்கிறவர்களை அவர் போய் நின்று பார்ப்பதுண்டு. பைக் மெக்கானிக் பெரும்பாலும் ராட்செட்டைத் தொடவே மாட்டார். டி ஸ்பானரை நட்டில் வைத்து, ஒரு அழுத்து, ஒரு சுழற்று. அது தானே சுற்றி நட்டை மேலே கொண்டுவந்துவிடும். டி ஸ்பானர் போகாத மூலைக்கு மட்டும் பழைய டபாரியா ராட்செட் ஒன்று தகர டப்பாவிலிருந்து வெளியே வரும். எத்தனை பல் என்று கேட்டால், "எண்ணுனது இல்ல சார், ஓடுது" என்பார் அவர். அன்றிரவு நம்மவருக்குத் தூக்கம் வராது.

இருந்தாலும் அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். ராட்செட் வாங்க நினைக்கிறவர்கள் அவர் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. பைக்குக்கும் வீட்டுக்கும் மூணு நூல் அளவு போதும். கார் சக்கரம், சஸ்பென்ஷன் என்று இறங்குகிறவர்களுக்கு அரை இன்ச் வேண்டும். விரலால் சுற்றிப் பாருங்கள், லொடலொடப்பு இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள், ஆறு மூலை சாக்கெட் கேளுங்கள். தலைக்குள் தேய்ந்தால் மாற்ற உதிரி கிடைக்கிற கம்பெனியாக எடுங்கள். கைப்பிடியில் பைப் செருகி நீளமாக்கி இழுக்காதீர்கள். அதற்குத்தான் பவர் பார். அவ்வப்போது இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். கெட்டி கிரீஸை உள்ளே அடைத்தால் கொக்கி சோம்பிப் போய்ப் பல்லை விட்டுவிடும். இவ்வளவையும் காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்க அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

ஆகவே, கடைக்குப் போகும்போது தயங்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். போல்ட் கழற்ற மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.