மார்கழிக்கு ஆகாத வெந்நீர்

மொட்டை மாடியில் கறுப்புக் குழாயைச் சுருட்டிப் போட்டு, அதில் சூடான தண்ணீரைத் திறந்தவெளியில் தலையில் விட்டுக்கொள்ளும் ஏற்பாடே வீட்டுத் தயாரிப்புச் சூரிய ஷவர். காஞ்சிபுரத்தில் இதன் முன்மாதிரி ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருக்கிறது. மாடித் தண்ணீர் டேங்க் என்று பெயர். கத்திரி வெயிலில் பகல் 2 மணிக்குக் குழாயைத் திறந்து கை கழுவியவர் எவரும் சூரிய சக்தியைச் சந்தேகிப்பதில்லை.

கணக்கு எளிது. ஓர் அங்குல ஓஸ் மீட்டருக்கு அரை லிட்டர் கொள்ளும். 60 மீட்டருக்கு 30 லிட்டர், அதாவது இரண்டு குடம். அதை 15 டிகிரி சூடேற்ற 450 கிலோகலோரி போதும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் மணிக்குச் சுமார் 860 கிலோகலோரியைக் கொட்டுகிறது. காற்று கொண்டுபோவது போக மிச்சமே தாராளம். சுருளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்தால் அந்த இழப்பும் குறையும்.

கணக்கில் வராதது இணைப்பு. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறமானாலும் நெசவாளர் கோர்வையில் பிணைத்துவிடுவார். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது ஊர்ப்பெருமை. அதே ஊரில் ஓஸ் குழாயையும் ஷவரையும் சேர்க்கும் இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றி, கிளிப் முறுக்கி, மேலே சைக்கிள் ட்யூபையும் வரிந்து கட்டியபின், தண்ணீர் ஷவரைத் தவிர எல்லா வழியாகவும் வரும்.

அடுத்தது மறைப்பு. கீற்றுத் தட்டி தெருவை மறைக்கும். பக்கத்து வீட்டு இரண்டாம் மாடியை மறைக்காது. வடாம் காயவைக்க வந்த அம்மாள் அங்கிருந்தே அக்கறையாக விசாரிப்பார்: "ஏன் தம்பி, கீழே பாத்ரூம்ல தண்ணி வரலியா?"

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல் பஞ்சாங்கம். வெந்நீர் வேண்டியது மார்கழி விடியற்காலையில், தயாராவது பிற்பகலில். சித்திரையிலோ கேட்காமலே கொதிக்கிறது. முதல் சொம்பைக் கையில் பார்க்காமல் தலையில் விடக் கூடாது. இந்தக் குறை காஞ்சிக்கு மட்டும் உரியதல்ல. பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் 1891-இல் காப்புரிமை பெற்ற 'கிளைமாக்ஸ்' சூடேற்றியிலும் இரவுக்குள் தண்ணீர் ஆறிவிடும். கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி 1909-இல் சூடேறும் குழாயையும் சேமிக்கும் தொட்டியையும் பிரித்து, தொட்டிக்கு வெப்பக்காப்புப் போர்த்தினார். அதற்கு அவர் வைத்த பெயரே 'பகலும் இரவும்'.

வீட்டிலும் அதே வழிதான். தொட்டி குழாய்ப் பெட்டிக்கு மேலே இருந்தால், சூடான நீர் லேசாகி மோட்டாரில்லாமல் தானே ஏறும். மார்கழி நண்பகலில் காஞ்சிச் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 36 டிகிரி தெற்கே நிற்பதால், பெட்டியைத் தெற்கு நோக்கிச் சாய்க்க வேண்டும். தொட்டியைப் பெரிய டிரம்முக்குள் இறக்கி, இடைவெளியில் தேங்காய் நாரை அடைத்தால் விடியலில் வெதுவெதுப்பு மிஞ்சும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதுவும் மிஞ்சாது. ஆகவே வெந்நீர் அண்டாவைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடக் கூடாது.