பாதிக்கப்பட்டவராக ஏற்கக் கோரும் படிவம்

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் மேலான கவனத்திற்கு: நீங்கள் பாதிக்கப்பட்டவர்தானா என்பதை நீங்களாகவே முடிவு செய்துவிட முடியாது. முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். படிவம் எந்தத் தாலுகா அலுவலகத்திலும் கிடைக்காது; யாரும் அதை அச்சடிக்கவேயில்லை. ஆனாலும் காவல் நிலைய ரைட்டர், எதிர்த்தரப்பு வக்கீல், டிவி விவாதத்தில் உட்கார்ந்திருக்கும் சமூக ஆர்வலர், உங்கள் சொந்தப் பெரியம்மா என எல்லோருக்கும் அது மனப்பாடம். அடித்தல் திருத்தல் இல்லாமல் பூர்த்தி செய்யவும்.

கலம் 1: கத்தினீர்களா? உடம்பில் காயம் உண்டா?

காயம் இல்லையென்றால் சம்மதம் என்று பொருள். இது நம் முன்னோர் கண்ட உண்மை. 1972இல் மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் பதின்வயது ஆதிவாசிப் பெண் ஒருத்தியை இரண்டு போலீஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உடம்பில் காயமில்லை, கூச்சல் போடவில்லை என்று 1978இல் இருவரையும் விடுவித்தார்கள். காவல் நிலையத்துக்குள் நடந்ததற்கு அவள் யாரைக் கூப்பிட்டுக் கத்தியிருக்க வேண்டும்? போலீஸையா? சட்டப் பேராசிரியர்கள் நான்கு பேர் 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதி, பெண்கள் தெருவில் இறங்கி, 1983இல் சட்டம் திருந்தியது. கலம் 1 மட்டும் திருந்தவில்லை.

ஸ்டாக்ஹோமில் வன்முறைக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் கைகால் மரத்து, உடம்பு அசையாமல் உறைந்து போயிருந்தது. புலி வாயில் அகப்பட்ட மானுக்கு நடப்பதுதான்; மானை யாரும் சம்மதித்ததா என்று கேட்பதில்லை. இன்னொன்றையும் அந்த ஆய்வு சொன்னது. அப்படி உறைந்தவர்களுக்கே ஆறு மாதம் கழித்துப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறும் கடுமையான மனச்சோர்வும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வந்தன. யாருக்கு அடி ஆழமாக விழுந்ததோ, அவளுக்கே இந்தக் கலத்தில் சைபர்.

கலம் 2: அழுதீர்களா? எவ்வளவு?

அளவோடு அழ வேண்டும். அழாவிட்டால் கல்நெஞ்சக்காரி, அதிகம் அழுதால் நடிப்பு. சரியான அளவு எதுவென்று விசாரிப்பவர் மட்டும் அறிவார். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்ஜாமீன் உத்தரவு ஒன்று, சம்பவத்துக்குப் பின் களைத்துத் தூங்கிவிட்டேன் என்று அந்தப் பெண் சொன்னது இந்தியப் பெண்ணுக்கு அழகல்ல என்று 2020இல் எழுதியது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அந்த வரியை நீக்கினார்கள். வன்முறைக்கு ஆளானவளின் தூக்கத்தைப் பற்றி நீதிமன்றம் ஒருவழியாக வாய் திறந்தது. தூங்கியதே தப்பு என்று சொல்வதற்காக. கோவாவில் 2021இல் பிரபலப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரை விடுவித்த விசாரணை நீதிமன்றம், புகார் சொன்ன பெண் படங்களில் சிரித்த முகமாக இருப்பதையும், பாதிக்கப்பட்டவள் நடந்துகொள்ள வேண்டிய விதத்தில் அவள் நடக்கவில்லை என்பதையும் தீர்ப்பில் பதிவு செய்தது. அரசு மேல்முறையீடு செய்தது. ஆக, நடந்துகொள்ள வேண்டிய விதம் என்று ஒன்று உண்டு. பாடத்திட்டத்தை முன்கூட்டியே வெளியிட்டால் பெண்கள் பயிற்சி எடுக்க வசதியாக இருக்கும்.

ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற ஆய்வாளர்கள் இருவர் வன்முறைக்குப் பின் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த 92 பெண்களைப் பார்த்துவிட்டு 1974இலேயே எழுதிவைத்தார்கள்: ஏறத்தாழ சரிபாதிப் பேர் அழுதார்கள், நடுங்கினார்கள், சிலர் சிரிக்கவும் செய்தார்கள். மறுபாதிப் பேர் ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டுமே அதிர்ச்சியின் முகங்கள். அரை நூற்றாண்டு ஆகியும் இந்தச் செய்தி நம்மூருக்கு வந்து சேரவில்லை. தபால் தாமதம் போலும்.

கலம் 3: நடந்ததை வரிசை மாறாமல் எழுதவும் (தேதி, நேரம், சட்டையின் நிறம், சுவர்க்கடிகாரம் இருந்த திசை)

உயிர் போகிற பயத்தில் மூளை டைரி எழுதுவதில்லை. ஒரு சென்ட் வாசனை இருபது வருஷத்துக்கு மூக்கில் நிற்கும். அன்று என்ன கிழமை என்பது மறுநாளே நிற்காது. இது மனநல மருத்துவப் படிப்பில் பாலபாடம். ஆனால் அவள் போலீஸிடம் ஒருமுறை, மருத்துவரிடம் ஒருமுறை, மாஜிஸ்திரேட்டிடம் ஒருமுறை, கூண்டில் ஒருமுறை, குறுக்கு விசாரணையில் பலமுறை சொல்லி, அத்தனையும் கார்பன் நகலாக இருக்க வேண்டும். ஒரு வரி பிசகினால் "முரண்பாடு, மை லார்டு!" அதே கூண்டில் இன்ஸ்பெக்டர் ஏறும்போது, பதிவேட்டைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. பாவம், அவருக்கு என்ன அதிர்ச்சியோ.

கலம் 4: புகார் கொடுக்க ஏன் தாமதம்?

பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது 1983 முதல் குற்றம். 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர்கள் முன் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணை அதே பெயரை அச்சிட்டு ஊருக்கே அறிவித்தது. உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அரசு பாடம் கற்றுக்கொண்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் குற்றத்தின் எஃப்.ஐ.ஆர். மாணவியின் அடையாளத்தோடு இணையத்தில் உலவியது. தொழில்நுட்பக் கோளாறாம். கம்ப்யூட்டரைக் கைது செய்ய முடியாதே! எஃப்.ஐ.ஆரின் நடையே பாதிக்கப்பட்ட மாணவியைக் குறை சொல்வதாக இருக்கிறதென்று உயர் நீதிமன்றம் கண்டித்தது. மறுபடியும் 25 லட்சம். ஏன் தாமதம் என்றா கேட்டீர்கள்?

கலம் 5: உடற்பரிசோதனை

பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனை அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. சுகாதார அமைச்சகம் 2014இல் வழிகாட்டு நெறிமுறை போட்டது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தடுக்கச் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும், இனி செய்பவர் முறைகேடு செய்தவராவார் என்றது. ஒரு கொடுமையை நிறுத்து என்று ஒரு நாடு இத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அதே 2014 நெறிமுறையில் மனநல ஆதரவு தர வேண்டும் என்றும் இருக்கிறது. அதை யாரும் மீறுவதில்லை, செய்தால்தானே மீறுவதற்கு.

கலம் 6: சமரசத்துக்குச் சம்மதமா?

2015இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு குற்றவாளிக்கு ஜாமீன் கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச அனுப்பியது. கண்டனம் எழுந்து உத்தரவைத் திரும்பப் பெற்றது. 2020இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வு, குற்றம் சாட்டப்பட்டவன் அவள் வீட்டுக்கு மனைவியோடு இனிப்பும் கையுமாகப் போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அதை 2021இல் ரத்து செய்தது. யார் குரலைக் கேட்டால் அவளுக்கு நெஞ்சு அடைக்குமோ, அவனையே அண்ணனாக்கி வாசலில் நிறுத்தும் வைத்தியம் உலகில் வேறெங்கும் கிடையாது. காப்புரிமை வாங்கி வைக்கலாம்.

அலுவலக உபயோகத்திற்கு மட்டும்: மன பாதிப்பு

இந்தக் கட்டம் காலியாக இருக்கும். இதில் எழுத வேண்டியவை ஏராளம். இரவு மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பது. பஸ்ஸில் பின்னால் யாராவது நின்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவது. கல்லூரியை விடுவது. கணவன் அன்போடு தோளைத் தொட்டாலும் உடம்பு மரத்துப்போவது. எல்லாம் என் தப்புதான் என்று தன்னைத் தானே தின்பது. சாகலாமா என்று யோசிப்பது. ஆறப்போகும் நேரத்தில் அடுத்த வாய்தாவுக்குச் சம்மன் வருவது. வாச்சாத்திக் கிராமத்துப் பழங்குடிப் பெண்களுக்கு 1992இல் அரசு ஊழியர்கள் இழைத்த கொடுமைக்குத் தண்டனை 2011இல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். பொள்ளாச்சியில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்ற தீர்ப்பு ஆறு ஆண்டு கழித்து 2025 மே மாதம் வந்தது. அங்கே சாட்சி சொன்ன பெண்கள் இந்தப் படிவத்தையும் மீறித்தான் சொன்னார்கள்.

உறைந்தாள் என்பதால் சம்மதித்தாள், மறந்தாள் என்பதால் பொய் சொன்னாள், தயங்கினாள் என்பதால் ஜோடித்தாள், சிரித்தாள் என்பதால் ஒன்றும் நடக்கவில்லை. அடி விழுந்ததற்கு உண்டான அத்தனை அடையாளங்களையும் அடியே விழவில்லை என்பதற்குச் சாட்சியாக்கி வைத்திருக்கிறோம். அறியாமை என்று இதை மன்னிக்க முடியாது. ஐம்பது வருஷமாக எழுதப்பட்டதைப் படிக்க மறுப்பதற்கு வேறு பெயர் உண்டு: உடந்தை.

எனவே இந்தப் படிவத்தை இனி எந்தப் பெண்ணும் பூர்த்தி செய்ய வேண்டியதில்லை. தயாரித்தவர்களே பூர்த்தி செய்யட்டும். அவர்களுக்குக் கேள்வி ஒன்றுதான்: அவள் வாய் திறந்தபோது முதலில் சந்தேகப்பட்டது யார்? பெயர், பதவி, முழு முகவரியுடன் எழுதவும்.

குறிப்பு: விண்ணப்பதாரரின் அடையாளம் ரகசியமாக வைக்கப்பட மாட்டாது.